பூஜ்யம் காட்டாத கருவி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஐம்பத்திரண்டு வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறவன் காதலில் விழுந்திருக்க வேண்டும், அல்லது வழக்கில். நான் வழக்கில் விழுந்தவன்.

யோசனை வக்கீல் தஸ்தகீருடையது. தம்புச் செட்டித் தெருவில், மின்விசிறி காகிதங்களை மட்டும் குளிர்விக்கும் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கேப்டன், நீங்க வாயால சொல்றது எனக்குப் போதும். அப்பீல் கமிட்டிக்குப் போதாது. என்ன சாப்ட்டீங்க, என்ன மருந்து எடுத்தீங்க, எல்லாம் தேதி போட்டு எழுதுங்க. உங்க உடம்பு அந்த மெஷின எப்படி ஏமாத்துதுன்னு நாம காட்டணும்."

என் உடம்பு ஏமாற்றவில்லை, கருவிதான் ஏமாற்றுகிறது என்று திருத்தினேன். "அதேதான், அதேதான்" என்றார்.

நடந்தது இது. ஜூலை 29 காலை ஐந்தே முக்காலுக்கு, மதுரை விமானத்துக்கு முன், எல்லா விமானிகளையும் போல நானும் மதுச் சோதனைக் குழாயில் ஊதினேன். திரையில் .034 வந்தது. பூஜ்யம் வர வேண்டும் என்பது விதி. கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். .031. கால் மணி நேரத்தில் பேச்சை மாற்றிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நம்பி, பத்தொன்பதாயிரம் மணி நேரம் பறந்த கேப்டன் திருமலைக்கொழுந்தை மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். மறுபடி பிடிபட்டால் மூன்று ஆண்டு. அதற்கும் மறுபடி என்றால் உரிமமே போய்விடும். மேல்முறையீட்டில் ஜெயித்தால் இது கணக்கிலேயே வராது.

பறப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில் மதுவைத் தொடக்கூடாது. நான் ஒரு நாளும் தொட்டதில்லை. முந்தைய மாலை ஐந்தே முக்காலுக்குக் கடிகாரம் பார்த்துப் புட்டியை மூடினேன். மறுநாள் அதிகாலை விமானம் இருந்தால் மதியம் ஒன்றரைக்கே தொடங்கிவிடுவது என் வழக்கம். ஒழுங்கில்லாதவன்தான் எட்டு மணிக்குத் தொடங்குவான்.

ஆகஸ்ட் 5

நானே ஒரு ஊதும் கருவி வாங்கிவிட்டேன். விமான நிலையத்தில் இருக்கும் அதே வகை. இயற்பியலில் பல்கலைக்கழக முதல் மாணவன் நான். ஒரு கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு வக்கீல் தேவையில்லை, வரைபடத்தாள் போதும்.

மனைவி காந்திமதி வங்கியிலிருந்து வந்ததும் மேசையைப் பார்த்தாள். பழைய சோறு, புளித்த தோசை மாவு, வாய் கொப்பளிக்கும் மருந்து, தசமூலாரிஷ்டம், அன்னாசிப்பழம், நடுவில் கருவி.

"என்னங்க இது, கொலுவா?"

"ஆராய்ச்சி. புளிச்ச பொருளுக்கெல்லாம் இது அளவு காட்டும். நான் நிரூபிக்கப் போறேன்."

"அந்த அரிஷ்டம் என் முட்டுவலிக்கு வாங்குனது. கொஞ்சம் மிச்சம் வைங்க." கைப்பையை மாட்டிவிட்டுத் திரும்பினாள். "லாக்புக் தவிர நீங்க ஒண்ணும் எழுதி நான் பாத்ததே இல்ல. இப்ப என்னத்த எழுதுதீங்க?"

"உண்மைய."

சிரித்தாளா இருமினாளா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6

முதல் சோதனை: பழைய சோறு.
காலை 6.00, வெறும் வயிற்றில்: .022.
ஒரு கிண்ணம் பழைய சோறு, சின்ன வெங்காயம் நான்கு.
காலை 6.30: .015.

புளித்த சோறு சாப்பிட்டால் அளவு குறைகிறது! கருவியின் லட்சணம் இதுதான்.

ஒப்பீட்டுக்குக் காந்திமதியையும் ஊதச் சொன்னேன். முன்னே .000. சோற்றுக்குப் பின்னே .000. அவளுடைய உடல்வாகு வேறு.

இரவு: வழக்கம்போல்.

ஆகஸ்ட் 7

வாய் கொப்பளிக்கும் மருந்து. முன்னே .026. கொப்பளித்த உடனே .190! மேசையை ஓங்கித் தட்டினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பத்து நிமிடம் கழித்து .024.

காந்திமதி: முன்னே .000, உடனே .170, பத்து நிமிடம் கழித்து .000.

"எனக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துட்டு பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"உங்களுக்கு வரல."

"அதுதான் சொல்லுதேன், கருவி சரியில்லன்னு."

ஆகஸ்ட் 11

தலைமை விமானி பரசுராமனிடமிருந்து மின்னஞ்சல். 'இந்தக் கடினமான காலத்தில் நிறுவனம் உங்களோடு நிற்கிறது. பேசுவதற்கு மருத்துவப் பிரிவில் எப்போதும் ஆள் உண்டு.'

சீனியாரிட்டிப் பட்டியலில் நான் பதினான்கு, அவன் பதினேழு. விமானிகளுக்கு ஜாதகத்தைவிட அந்த எண் முக்கியம். பதினான்கைத் தாண்டிப் பதினேழு எப்படித் தலைமை விமானி ஆகும் என்பதை எந்த இயற்பியலும் விளக்காது. நேர்முகத்தில், 'உங்கள் பலவீனம் என்ன?' என்று கேட்டதற்கு அவன் 'அதிகமாக உழைப்பது' என்றானாம். நான் 'இதுபோன்ற கேள்விகளைப் பொறுத்துக்கொள்ள முடியாதது' என்றேன். ஆறு வருடம் ஆகிறது. தேதி ஞாபகம் இருக்கிறது: மார்ச் 9, மாலை நான்கு.

மாலை நான்கு மணி என்று எழுதியதும் புட்டி நினைவு வந்தது. மீதி நாளை.

ஆகஸ்ட் 15

அடுக்குமாடிச் சங்கத்தில் கொடியேற்றம். செயலாளர் ஒலிபெருக்கியில் என்னை அழைத்தார்: "நம்ம நங்கநல்லூருக்கே பெருமை சேர்க்கும் கேப்டன் அவர்கள்!" இந்த நாட்டின் வானம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பது பற்றி நான்கு நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். 'இப்ப லீவா சார்?' என்று ஒருவர் கேட்டார். 'சேர்த்து வெச்ச லீவு' என்றேன். காந்திமதி மிட்டாய்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19

தஸ்தகீரிடம் பதினான்கு நாள் அளவுகளையும் வரைபடத்தையும் காட்டினேன். தோசை மாவு, ரசம், அன்னாசி, அரிஷ்டம், இருமல் மருந்து, எல்லாம் வண்ணக் கோடுகளில். மனிதர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"படம் சூப்பர் கேப்டன். ஆனா ஒண்ணு. எல்லாக் கோடும் ஆரம்பிக்கிற எடமே பூஜ்யத்துக்கு மேல இருக்கே?"

"அது வெறும் வயித்து அளவு."

"அதான் கேக்கறேன். ஒண்ணும் சாப்பிடாம இருக்கறப்ப எப்படி வருது? கமிட்டில ஒரு டாக்டர் உக்காருவாரு. மொத கேள்வியே இதான். எனக்கு ஒரே ஒரு நாள், காலைல பூஜ்யம் காட்டணும். அதுக்கப்பறம் அன்னாசி ஏத்துச்சு, அரிஷ்டம் ஏத்துச்சுன்னு நான் ஆடிருவேன்."

ஒரே ஒரு பூஜ்யம். இதைவிட எளிய வேலையை எந்த வக்கீலும் கட்சிக்காரனிடம் கேட்டிருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 20

காந்திமதியிடம் சொன்னேன். "ஆறு மணிக்கு ஏன் ஊதுதீங்க? பதினோரு மணிக்கு ஊதுங்க, வந்துரும்" என்றாள்.

பதினோரு மணிக்கு எனக்கு வேறு வேலை இருக்கும் என்றேன்.

"தெரியும்" என்றாள்.

ஆகஸ்ட் 21

இன்று முதல் இல்லை. அறிவியலுக்காக.

அதே நாள், மாலை 6.20

குறிப்பு: மேற்கண்ட சோதனை நாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. காரணம், சென்னை வெயில்.

ஆகஸ்ட் 23

நேற்று இரவு ஒன்பது மணிக்குப் பிறகு உண்மையாகவே இல்லை. இருபது மணி நேரம். ஆனால் பாருங்கள், சரியாக இந்தச் சமயம் பார்த்து வைரஸ் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் வியர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு. தட்டில் இருந்த இட்லியைப் பிட்டால் விரல்கள் தனித்தனியாக ஆடின. வெப்பமானியில் தொண்ணூற்றெட்டரை, அதுவும் பழுது போலிருக்கிறது. நம் வீட்டில் எந்தக் கருவியும் உருப்படி இல்லை.

நான்காம் சனி, வங்கி விடுமுறை; காந்திமதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "டாக்டர்ட்ட போவோம், வாங்க. இத வீட்ல வச்சுப் பாக்கக் கூடாதாம். ஆபத்தாம்."

"வைரஸுக்கு டாக்டர் என்ன பண்ணுவாரு?"

"நான் வைரஸச் சொல்லல."

மாலை ஐந்து மணிக்கு மருந்துபோல் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் அரை மணியில் தணிந்தது. மருத்துவ இதழுக்கு எழுதலாம்.

ஆகஸ்ட் 24

காலை 6.00: .029. பூஜ்யம் கை நழுவியது. வைரஸைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 4

யார் போட்டுக்கொடுத்தது என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த ஆளே தேங்காய் பர்பியோடு வீட்டுக்கு வந்தது.

தாரணி. என் துணை விமானி. பொள்ளாச்சிக்காரி, இருபத்தெட்டு வயது, ஜூன் ஜூலையில் பெரும்பாலும் என்னோடு பறந்தவள். காந்திமதி அவளை உட்கார வைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.

நேராகவே கேட்டேன். "நீதான சொன்ன?"

"எதைங்க கேப்டன்?"

"அன்னைக்கு என்னைக் குறி வச்சு ஊத வச்சாங்களே."

"குறி வெக்கிறதுங்களா? எல்லாருந்தான ஊதறோம். உங்களுக்கு முன்னாடி நானும் ஊதுனனுங்க." பர்பி டப்பாவின் மூடியைச் சரிசெய்தாள். "நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க. சொல்லியிருக்கோணும்."

"என்னத்த?"

"ஜூன் மாசம் ஒம்பது நாள் ஒண்ணாப் பறந்தோமுங்க. ஒம்பது நாளும் லேண்டிங் என்னையத்தான் பண்ணச் சொன்னீங்க."

"ஜூனியர்களுக்கு வாய்ப்புக் குடுக்கறது தப்பா? எனக்கு அந்தக் காலத்துல எவன் குடுத்தான்?"

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. எங்கப்பாகிட்ட ஃபோன் பண்ணிப் பெருமையாச் சொன்னேன், எங்க கேப்டன் தங்கமான மனுசன்னு. அப்பறந்தானுங்க உங்க கையப் பாத்தேன். காபிக் கப்ப ரெண்டு கையிலயும் புடிச்சிட்டிருந்தீங்க."

பர்பி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"திருச்சிக்கு எறங்கறப்ப டவர்ல மூவாயிரம் அடியில நிக்கச் சொன்னாங்க. நீங்க டயல்ல ரெண்டாயிரம்னு போட்டீங்க. நான் கைய நீட்டி மாத்துனேன். நீங்க அதைக்கூடப் பாக்கலீங்க கேப்டன். வெளிய மேகத்தப் பாத்து, எவ்ளோ அழகா இருக்குன்னு சொன்னீங்க."

காந்திமதி சமையலறை வாசலில் காபியோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அத நான் எழுதிக் குடுத்திருக்கோணும். குடுக்கல. அது எந் தப்புங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். இனிமேப்பட்டு அப்படி ஏதாச்சும் நடந்தா எழுதிக் குடுத்துருவேன். உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

காபியை ஆற அமரக் குடித்துவிட்டு, காந்திமதியின் முழங்காலைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 5

தேங்காய் பர்பி காறல்.

செப்டம்பர் 6

திருச்சியில் மூவாயிரம் அடி என்பது தவறு. நான் எப்போதும் சரியாகத்தான் போடுவேன். மேகத்தைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அது அழகாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 17

பதினோரு நாளாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. வழக்கம்போல்.

செப்டம்பர் 18

இந்தப் பக்கத்தில் வேறு கையெழுத்து. வங்கி மேலாளரின் நேர்கோட்டு எழுத்து, பச்சை மையில்:

'காலை 6.10. நான் ஊதினேன். .000. ராத்திரி தூக்கம் இல்லை, காபி இரண்டு, தலைவலி மாத்திரை ஒன்று. அப்படியும் .000. கருவி சரியாக இருக்கிறது. கா.'

ஆராய்ச்சிக் குறிப்பேட்டில் பிறர் எழுதுவது முறையல்ல என்று சொன்னேன். "தணிக்கைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அக்டோபர் 1

நாட்குறிப்பைத் தஸ்தகீரிடம் கொடுத்து ஒரு வாரமாகிறது. இன்று அழைத்தார். குறிப்பேட்டை மேசையின் நடுவில் வைத்து, அதன்மேல் காகித எடைக்கல்லை வைத்திருந்தார், பறந்துவிடும் என்பதுபோல்.

"முழுசாப் படிச்சேன் கேப்டன். சிரிச்சேன். எங்க வீட்லயும் படிச்சாங்க, அவங்க சிரிக்கல."

"கமிட்டிக்குப் போதுமா?"

"இதை நான் கமிட்டிக்குக் குடுத்தா, அவங்களுக்கு வக்கீலே வேணாம். எடுத்துட்டுப் போயிடுங்க. வேற யார்கிட்டயும் காட்டாதீங்க." பிறகு ஒரு ஒற்றைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இது போதும் நமக்கு."

அது விமான நிலையத்துக் கருவியின் அளவுச் சரிபார்ப்புச் சான்றிதழ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜூலை 27 அன்று காலாவதி. நான் ஊதியது 29. இன்னொரு கருவி பழுதாகிக் கிடந்ததால் இரண்டு முறையும் இதிலேயே ஊத வைத்திருக்கிறார்கள்.

இரண்டே நாள்!

"நான்தான் அப்பவே சொன்னனே, கருவி சரியில்லன்னு."

"சர்டிஃபிகேட்தான் சரியில்லைன்னு நான் சொல்லுவேன் கேப்டன். கருவி சரியில்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டும் வேற வேற." கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஜெயிச்சிருவோம். அதுக்கப்பறம் நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது என் ஃபீஸ்ல வராது."

அக்டோபர் 9

விசாரணை இருபத்திரண்டு நிமிடம். தஸ்தகீர் அந்தத் தாளைத் தவிர எதையும் தொடவில்லை. குழுவின் மருத்துவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தேன், அது மரியாதை.

அக்டோபர் 13

ஜெயித்தேன்! தண்டனை ரத்து. கோப்பில் ஒரு கீறல் இல்லை. தண்டனை முடிய இன்னும் பதினாறு நாள்தான் பாக்கி என்று காந்திமதி ஞாபகப்படுத்தினாள். கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

பரசுராமனே தொலைபேசியில் அழைத்தான். "வெல்கம் பேக், கொழுந்து. சிமுலேட்டர் செக் முடிச்சிட்டு வாங்க. வேற எதுவும் எங்கிட்ட சொல்லணுமா?"

"இருக்கு. ஆறு வருஷமா இருக்கு. நேர்ல சொல்றேன்" என்று வைத்தேன். என்ன சுகம்.

கொண்டாடினோம். அதாவது, கொண்டாடினேன்.

அக்டோபர் 17

சிமுலேட்டர் என்னும் பொய் விமானத்தில் நான்கு மணி நேரம். தேறினேன். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது. அங்கே ஏசியைக் கவனிப்பதே இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காந்திமதி லேகியம் கிளறினாள். ஊதிப் பார்த்தேன், ஆராய்ச்சிக்காக அல்ல, பழக்கத்தில். எத்தனை என்று எழுத வேண்டியதில்லை. வழக்குத்தான் முடிந்துவிட்டதே.

அக்டோபர் 26, ஞாயிறு

ரோஸ்டர் வந்துவிட்டது. நாளை தூத்துக்குடி, போய்த் திரும்ப. விமான நிலையத்தில் மதியம் ஒன்றேகாலுக்கு இருக்க வேண்டும். துணை விமானி: தாரணி. பரசுராமனின் குறும்பு இது, சந்தேகமில்லை. வரட்டும். பெருந்தன்மையாக இருப்பேன்.

ஒன்றேகாலிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பின்னால் எண்ணினால் இன்று இரவு ஒன்றேகால். விதி எவ்வளவு தாராளமானது பாருங்கள். ஆனாலும் நாளை முதல் நாள். இன்று தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சீருடையைக் காந்திமதி இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள். தோள்பட்டைக் கோடுகள் நான்கும் பளிச்சென்று இருக்கின்றன.

மாலை 7.00. கொஞ்சம், தூக்கத்துக்கு.

அக்டோபர் 27, திங்கள்

காலை 8.00: .041.
காலை 9.00: .026.
காலை 10.00: .011.

மணிக்குப் பதினைந்து வீதம் அழகான நேர்கோடு. வரைபடத்தாளில் போட்டால் அளவுகோலை வைத்துக் கோடு இழுக்கலாம். பத்தே முக்காலுக்குப் பூஜ்யம் தொடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே மழை. இருபுறமும் தண்ணீர் தெளித்துக்கொண்டு பேருந்துகள் போகின்றன.

காலை 11.00

.000.

இரண்டரை மாதத்தில் முதல் முறை. காந்திமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்று அவள் வங்கிக்குப் போகவில்லை. திரையைப் பார்த்தாள், பிறகு அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நம்பர் தெரியுதா? இந்த ஆட்டத்துல எனக்குத் தெரியல" என்றாள். கருவியை வாங்கி மேசைமேல் வைத்தாள். அங்கே அது ஆடாமல் நின்றது. .000.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டு மணிக்குக் கை ஆடவில்லை. ஒன்பதுக்கு இலேசாக. பத்துக்குச் சட்டைப் பொத்தானைக் காந்திமதி போட்டுவிட்டாள். எண் இறங்க இறங்க ஆட்டம் ஏறுகிறது. இது நேர்கோடல்ல; இதற்கு நான் படம் வரையவில்லை. விமான நிலையத்தில் ஊதும்போது பூஜ்யம் வரும், முத்திரை குத்துவார்கள். புறப்படும்போது மணி இரண்டேகால். இறங்கும்போது மூன்றரை.

காலை 11.20

தாரணி அழைத்தாள்.

"கேப்டன், வணக்கமுங்க. கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டே இருக்கேன். வழக்கு ஜெயிச்சது தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. வாழ்த்துகள்ங்க." அவள் பக்கத்திலும் மழைச் சத்தம். "தூத்துக்குடியில காத்தோட மழையாம். ஓடுபாதை நனஞ்சிருக்குதுங்க. இங்க திரும்பி வர்றப்பவும் இதே கததான்."

"அதனால?"

"மழக்கால சுற்றறிக்கைங்க கேப்டன். ஓடுபாதை நனஞ்சிருந்தா கேப்டந்தான் எறக்கோணும். நான் எடுக்க முடியாதுங்க. போக ஒண்ணு, வர ஒண்ணு, ரெண்டும் நீங்கதான்."

எனக்கே விதி சொல்கிறாள். அந்தச் சுற்றறிக்கைக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவனே நான். பரசுராமன் தன் கையெழுத்தைப் போட்டு வெளியிட்டுக்கொண்டான். 'அனுபவமுள்ள கை' என்ற சொற்கள்கூட என்னுடையவை.

"முடியுங்களா, கேப்டன்?"

குத்தலே இல்லாமல் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. குத்தியிருந்தால் அதைப் பற்றி ஆறு வருடம் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"ஏன் முடியாது?" என்று வைத்துவிட்டேன்.

காலை 11.35

டம்ளரில் காபி. பாதி மேசைமேல். காந்திமதி துடைக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மடக்கு எடுத்தா நின்னுரும்" என்றேன்.

"நின்னுரும்."

"ஊதுனா காட்டிரும்."

"காட்டிரும்."

"எடுக்காட்டா பூஜ்யம் வரும், கை நிக்காது."

அவள் மழையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு கணக்கை முடிக்கும்வரை அவள் காத்திருந்தது இதுதான் முதல் முறை என்று எழுத நினைத்தேன். உண்மை அதுவல்ல. இருபத்தாறு வருடமும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

திருச்சியில் மூவாயிரம் அடி. நான் ரெண்டாயிரம்தான் போட்டேன்.

காலை 11.50

ரோஸ்டர் பிரிவுக்குத் தொலைபேசி. எடுத்தது மரகதம் என்ற பெண். குரலில் நல்ல சுறுசுறுப்பு.

"குட் மார்னிங் கேப்டன்! இன்னைக்குத் திரும்ப வர்றீங்க, இங்க எல்லாரும் பேசிட்டிருக்கோம்."

"வரல. தூத்துக்குடிக்கு ஸ்டாண்ட்பை கேப்டனை அனுப்புங்க. நேரம் இருக்கு."

"ஐயோ. சிக் லீவ் போட்டுரட்டுமா?"

"வேண்டாம்."

"ஃபெட்டீக்? அசதின்னு? எமர்ஜென்ஸி? ஃபேமிலில ஏதாவது..."

"குடி."

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"கேப்டன்... ஊதற டெஸ்ட்ல பாஸிட்டிவா?"

"இல்ல. ஊதினா பூஜ்யம் வரும். வந்தாச்சு. ஆனா கை நிக்கல. இன்னைக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளா நிக்கல. அதனால பறக்கத் தகுதி இல்ல. அப்படியே போடுங்க."

"அப்படி ஒரு ஆப்ஷனே இல்லையே கேப்டன்." பாவம், உண்மையாகவே தேடுகிறாள், கீழே கீழே தள்ளுகிற சத்தம் கேட்கிறது. "சிக்னு போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் சொல்றேன், சிக்னே போட்டுரலாமே."

"வேண்டாம்மா. நல்ல மனசுதான். வேண்டாம்."

"அப்ப 'மற்றவை'ல போட்டு மெடிக்கலுக்கு அனுப்பணும். டாக்டர்தான் பேசுவாங்க. சீஃப் பைலட்டுக்கும் ஒரு காப்பி போகும். பரவால்லயா?"

பதினேழாம் எண்ணுக்கு ஒரு காப்பி. நெஞ்சுக்குள் எதுவோ எழுந்து நின்று கத்தியது. அதைக் கத்த விட்டேன்.

"போகட்டும்."

"இங்க 'தகவல் தந்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு கேப்டன். கட்டாயம் ஃபில் பண்ணணுமாம், இல்லன்னா சேவ் ஆகாது. யார் பேரைப் போட? டாக்டரா, கோ-பைலட்டா?"

"என் பேரு. திருமலைக்கொழுந்து. முழுசாப் போடுங்க."

"எடம் பத்துமான்னு பாக்கறேன்... பத்திருச்சு கேப்டன். டாக்டருக்குக் கனெக்ட் பண்றேன். லைன்ல இருப்பீங்களா? கொஞ்சம் நேரம் ஆகும்."

"இருக்கேன்."

விளம்பரப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, நான்காவது முறையாக. தொலைபேசியைக் காந்திமதி என் காதோடு பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணிக் கோணிப் போகிறது. யாரும் இன்னும் எடுக்கவில்லை. நான் வைக்கவில்லை.